நாயகனுக்கு நரைக்கும்போது: சூப்பர் ஹீரோ தொடர்களின் கடைசி சீசன்கள்

2023 மே 24 அன்று 'தி ஃப்ளாஷ்' தொடரின் 184ஆவது எபிசோட் வந்தது. அதுதான் கடைசி. ஒன்பது வருடங்களில் ஆளுக்கு ஒரு சீசன் என்று முறைவைத்து நாயகன் பாரி ஆலனைத் தூங்கவிடாமல் அடித்த ரிவர்ஸ் ஃப்ளாஷ், ஸூம், சவிடார், காட்ஸ்பீட் எல்லோரும் ஒரே இரவில் திரும்பி வந்தார்கள். வந்த வேகத்திலேயே சில நிமிடங்களில் அவர்கள் கதை முடிந்தது. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. எல்லாம் இலையில் விழுந்தது. எதுவும் சூடாக இல்லை. திட்டிக்கொண்டேதான் பார்த்தேன். பிறகு பாரிக்கும் அவன் மனைவி ஐரிஸுக்கும் மகள் பிறந்தாள், என் கண் கலங்கிவிட்டது.

திட்டுவதும் கலங்குவதும் எப்படி ஒரே அரைமணி நேரத்துக்குள் நடக்கின்றன என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்பது வருடம் ஒரு குடும்பத்தின் கதையைக் கேட்டவனுக்கு, அவர்கள் கதவைச் சாத்தும்போது நல்லது கெட்டது பார்க்கத் தோன்றாது என்று சமாளிக்கலாம். ஆனால் 'ஆரோ' முடிந்தபோதும், 'சூப்பர்கேர்ள்' முடிந்தபோதும் எனக்கு இதே குழப்பம்தான் வந்தது. இன்னும் நன்றாக முடித்திருக்கலாமே என்ற குறையும், முடிக்காமலே இருந்திருக்கலாமே என்ற ஆதங்கமும் சேர்ந்தே வந்தன. குறை ரசிகனிடம் இல்லை. சூப்பர் ஹீரோ கதை என்ற வடிவத்தின் பிறப்பிலேயே இருக்கிறது.

1938இல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வந்த சூப்பர்மேன் இன்றுவரை வந்துகொண்டிருக்கிறான். 1992இல் அவனைக் கொன்றார்கள். அடுத்த வருடமே எழுந்து வந்துவிட்டான். காமிக்ஸில் 'தொடரும்' உண்டு, 'முற்றும்' கிடையாது. இத்தாலிய எழுத்தாளர் உம்பெர்த்தோ எக்கோ 1962இல் எழுதிய சூப்பர்மேன் பற்றிய கட்டுரை இந்த இடத்தைத்தான் தொட்டது. புராண நாயகன் மாறாதவன். நாவலின் நாயகனோ காலத்தில் வாழ்கிறவன். ஒவ்வொரு செயலும் அவனைக் கொஞ்சம் செலவழிக்கிறது, மரணத்தை நோக்கி ஓர் அடி தள்ளுகிறது. சூப்பர்மேன் இரண்டாகவும் இருந்தாக வேண்டும். வாரந்தோறும் புதிதாக ஏதாவது நடக்க வேண்டும், ஆனால் அவன் தேய்ந்துவிடக் கூடாது. அதனால் அவன் கதைகளில் காலம் ஒரு கனவுமூட்டம்போல் கலங்கியே கிடக்கும் என்றார் எக்கோ.

கோட்டோவியத்துக்கு இது சரி. தொலைக்காட்சியில் நடிப்பது மனிதர்கள். அவர்களுக்கு வயதாகிறது, தொப்பை போடுகிறது, பிள்ளை பிறக்கிறது, வேறு வாய்ப்பு வருகிறது. எக்கோ சொன்ன மூட்டத்துக்குள் காலம் பின்வாசல் வழியாக நுழைந்துவிடுகிறது. கடைசி சீசன் என்பது அந்தக் காலத்தோடு கணக்குத் தீர்க்க வேண்டிய இடம். பெரும்பாலான தொடர்கள் அந்த இடத்துக்கு வந்தவுடன் கண்ணைத் திருப்பிக்கொள்கின்றன.

பழைய தொடர்களுக்கு அந்தச் சங்கடமே இல்லை. அவை முடிக்கப்படவில்லை, நின்றன. 1966இல் தொடங்கிய 'பேட்மேன்' 120 எபிசோடுகளோடு 1968இல் நின்றது. வேறொரு நிறுவனம் எடுத்து நடத்த முன்வந்தபோது பேட்மேனின் குகையான பேட்கேவ் அரங்கை ஏற்கெனவே இடித்துவிட்டிருந்தார்கள். சூப்பர்மேன் தொடரான 'லோயிஸ் அண்ட் கிளார்க்' 1997இல், யாரோ விட்டுப்போன ஒரு குழந்தை தொட்டிலில் கிடப்பதைக் காட்டிவிட்டு நின்றுபோனது. யார் பெற்ற பிள்ளை என்று தொடர் சொல்லவே இல்லை. 'இன்க்ரெடிபிள் ஹல்க்' மட்டும் விதிவிலக்கு. 1982இல் நிறுத்தப்பட்ட அந்தத் தொடரை, சில தொலைக்காட்சிப் படங்களுக்குப் பிறகு, அதன் நாயக நடிகர் பில் பிக்ஸ்பி 1990இல் தானே இயக்கி நடித்து ஹல்க்கின் சாவோடு முடித்தார். விமானத்திலிருந்து விழும் ஹல்க் மனிதனாக மாறி இறக்கிறான். எளிமையான, ஏழ்மையான படம்தான். ஆனால் சாவைச் சாவு என்று ஒப்புக்கொண்டது.

சூப்பர்மேனாவதற்கு முந்தைய கிளார்க்கின் கதையான 'ஸ்மால்வில்' வேறு மாதிரி. பறக்கக் கூடாது, உடை போடக் கூடாது என்று தயாரிப்பாளர்களே விதி வகுத்துக்கொண்டு ஆரம்பித்த தொடர் அது. 2001இல் பள்ளி மாணவன் கிளார்க்காக வந்தபோது டாம் வெல்லிங்குக்கு வயது 24. 2011 மே மாதம் அந்தச் சிவப்பு மேலங்கி கடைசியாக அவனிடம் வந்தபோது 34. பத்து சீசன் காத்திருந்தவர்களுக்குத் தூரத்தில் பறக்கும் ஓர் உருவமும், அண்மைக் காட்சியில் ஒரு முகமும், மொட்டைமாடியில் சட்டையைப் பிரிக்கும் ஒரு நொடியும் கிடைத்தன. அப்போது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. இப்போது கொஞ்சம் புரிகிறது. உடையைப் போட்ட கணத்தில் கிளார்க் காலமற்றவனாகிவிடுவான், அதற்கு மேல் அவனிடம் சொல்லக் கதை இருக்காது. அந்த வாசலில் நிறுத்தியது சரியான யோசனை. கஞ்சத்தனமாகச் செய்ததுதான் தப்பு.

அடுத்த பத்தாண்டு தயாரிப்பாளர் கிரெக் பெர்லான்டியின் குழுவுடையது. 2012 அக்டோபரில் 'ஆரோ' தொடங்கி, 'ஃப்ளாஷ்', 'சூப்பர்கேர்ள்', 'லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ', 'பேட்வுமன்' என்று கிளைத்தது. வருடத்துக்கு 22, 23 எபிசோடுகள், பெரும்பாலும் கனடாவின் வான்கூவரில் படப்பிடிப்பு, ஒருவர் தொடரில் இன்னொருவர் விருந்தாளி. இவற்றை ஒளிபரப்பிய சி.டபிள்யூ சேனல் வார்னர் பிரதர்ஸுக்கும் சி.பி.எஸ்ஸுக்கும் அப்போது கூட்டுச் சொத்து. அதன் பிழைப்பு விளம்பரத்தை மட்டும் நம்பியதல்ல. தொடர்களை நெட்ஃபிளிக்ஸுக்கும் வெளிநாடுகளுக்கும் விற்றுத்தான் முதலாளிகள் போட்ட பணத்தை எடுத்தார்கள். சொந்த ஓடிடி தொடங்கும் ஆசையில் 2019இல் நெட்ஃபிளிக்ஸ் ஏற்பாட்டைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். 2022இல் சேனலின் 75 சதவீதத்தை நெக்ஸ்டார் நிறுவனம் வாங்கியது. விற்பனைக்கு முன்பே கத்தரிக்கோல் எடுத்துவிட்டார்கள்: அந்த வருடம் ஏப்ரலில் ஒரே நாளில் 'லெஜண்ட்ஸ்', 'பேட்வுமன்' இரண்டுக்கும் கதை முடிந்தது. ஏழு சீசன் ஓடிய 'லெஜண்ட்ஸ்' எல்லோரும் கைதாகி நிற்கும் காட்சியோடு அறுந்து நிற்கிறது. ஃப்ளாஷின் கடைசி சீசனில் 13 எபிசோடுகளே இருந்ததும், பழைய வில்லன்களை அவசரப் பந்தியில் உட்கார வைத்ததும் இந்தக் கணக்கின் தொடர்ச்சிதான். எழுத்தாளர் அறையின் சோம்பல் என்று மட்டும் பழிபோட நான் தயாரில்லை.

'ஆரோ' சுயமாக முடிவெடுத்து நின்ற தொடர். எட்டாவது சீசன், பத்தே எபிசோடுகள். அதன் முதல் எபிசோட் வேறொரு பூமியில் தொடங்கி, தொடரின் முதல் காட்சியையே திரும்ப நடத்திக் காட்டுகிறது: தீவில் தாடியோடு ஓடிவரும் நாயகன் ஆலிவர், தீப்பற்ற வைக்கும் அம்பு, மீன்பிடிப் படகு. பிறகு ஹாங்காங், நந்தா பர்பத், லியான் யூ தீவு என்று பழைய இடங்களுக்கெல்லாம் ஒரு சுற்று. சாகப்போகிறவன் சொந்தபந்தங்களைப் பார்த்துவிட்டு வருவதுபோல் இருந்தது. எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் அவன் சாவு அவன் தொடரின் தனிக்கதையில் நடக்கவில்லை. ஐந்து தொடர்களும் கலந்த 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' திருவிழாவில், அதுவும் இரண்டு தடவை நடந்தது. 2020 ஜனவரி 28 அன்று வந்த 170ஆவது எபிசோட் நாயகன் இல்லாத வீட்டில் நடக்கும் இழவு. கடைசியில் மறுவுலகில், அம்மாவின் அலுவலக அறையில், ஆலிவரும் அவன் மனைவி ஃபெலிசிட்டியும் மறுபடி சேர்கிறார்கள். சாவைக் காட்டிவிட்டு அதன் கசப்பின் மேல் ஒரு ஸ்பூன் சர்க்கரை. பிறகு 2023இல் 'ஃப்ளாஷ்' தொடரில் பாரியின் பிறந்தநாளுக்கு ஆலிவர் மறுபடி வந்தான். ஆலிவராக நடித்த ஸ்டீவன் அமெல் அந்தப் பச்சை உடையில் நடந்து வந்ததும் நான் கைதட்டினேன். அந்தச் சாவுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் போனது என்று அடுத்த நாள் காலையில்தான் உறைத்தது.

அதே எபிசோடில் வில்லன் பிளட்வொர்க்காக வந்தவர் செந்தில் ராமமூர்த்தி. 2006இல் 'ஹீரோஸ்' தொடங்கியபோது அதில் மெட்ராஸிலிருந்து நியூயார்க் போகும் மரபணுப் பேராசிரியர் மொஹிந்தர் சுரேஷாக நடித்தவரும் அவரே. நம் ஊர்ப் பெயர் அமெரிக்க சூப்பர் ஹீரோ தொடரில் ஒலித்த அபூர்வமான தருணம் அது. 'ஹீரோஸ்' முதல் சீசனில் தொட்ட உயரத்தைப் பிறகு தொடவே இல்லை. எழுத்தாளர் வேலைநிறுத்தத்தில் இரண்டாம் சீசன் 11 எபிசோடுகளோடு சுருங்கியது, 2010இல் தொடர் நிறுத்தப்பட்டது. கடைசிக் காட்சியில் முக்கியப் பாத்திரங்களில் ஒருத்தியான கிளேர் ராட்டினத்தின் உச்சியிலிருந்து கேமராக்கள் முன் குதித்துத் தன் சக்தியை உலகுக்குக் காட்டுகிறாள். அடுத்த கதையின் முதல் வரி அது.

'சூப்பர்கேர்ள்' முடிந்த விதம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கல்யாணம், ஒரு வேலை உயர்வு, ரகசியத்தை உலகுக்குச் சொல்லுதல். பழைய தமிழ்ப் படத்தில் எல்லோரும் வரிசையாக நிற்க 'சுபம்' விழுவதுபோலவே. ஆனால் அந்த ஆறாம் சீசனின் முற்பகுதியில் நாயகி ஃபேண்டம் ஸோனில் சிக்கிக்கொண்டு தன் தொடரிலேயே பாதி காணாமல் போனதற்குக் காரணம் அவளாக நடித்த மெலிஸா பெனாய்ஸ்ட்டின் பிரசவம். கதையில் ஓட்டை என்று நாம் சொல்வது சில சமயம் ஒரு குழந்தை.

'ஏஜண்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்' இந்தப் பட்டியலில் சேருமா என்று சிலர் கேட்கலாம். சக்தி படைத்தவர்களைவிடக் கோட்டு போட்ட அரசு ஊழியர்களின் கதை அது. என் கணக்கில் சேரும். ஏழாம் சீசன் காலப்பயணமாக 1931க்கும் 1955க்கும் எழுபதுகளுக்கும் போய், அந்தந்தக் காலத் திரைப்பட பாணியையே உடுத்திக்கொண்டு விளையாடியது. கடைசிக் காட்சியில் குழு பிரிந்து திசைக்கொருவராகப் போய்விட்டது. வருடத்துக்கு ஒருமுறை மெய்நிகர் அறையில் சந்திக்கிறார்கள், தொட்டுக்கொள்ள முடியாமல். படப்பிடிப்பு 2019இலேயே முடிந்துவிட்டது. ஒளிபரப்பானது 2020 ஆகஸ்டில், உலகம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து திரையில் மட்டும் உறவினர் முகம் பார்த்துக்கொண்டிருந்தபோது. எழுதியவர்கள் நினைக்காத துக்கம் ஒன்று அந்தக் காட்சிக்குள் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. யாரும் சாகவில்லை, யாரும் மறுவுலகில் சேரவில்லை. வேலை முடிந்தது, ஆளுக்கொரு ஊர், அவ்வளவுதான். பணி ஓய்வு பெற்ற எந்த அலுவலக நண்பர் கூட்டத்துக்கும் இது தெரியும்.

இவை எல்லாவற்றையும் தாண்டி எனக்குள் நிற்பது 'சூப்பர்மேன் அண்ட் லோயிஸ்' நான்காம் சீசன். 2024இல் வந்த அதற்கும் பத்து எபிசோடுகள்தான். முன்பு முக்கிய நடிகர் பட்டியலில் இருந்த ஏழு பேர் இப்போது அவ்வப்போது தலைகாட்டும் விருந்தாளிகள். இயக்குநர் ஜேம்ஸ் கன் தன் சூப்பர்மேன் படத்தை 2025 ஜூலையில் கொண்டுவர இருந்ததால், சின்னத்திரையில் இன்னொரு சூப்பர்மேன் நீடிக்க வழியில்லை. பணமும் இல்லை, எதிர்காலமும் இல்லை. கதை இப்படிப் போகிறது: டூம்ஸ்டே என்ற அரக்கன் சூப்பர்மேனின் இதயத்தைப் பிடுங்கிவிடுகிறான். அவன் மனைவி லோயிஸின் அப்பா சாம் லேன் உயிரைக் கொடுக்க, அவர் இதயத்தை வைத்து மருமகனைப் பிழைக்க வைக்கிறார்கள்.

மனித இதயம் என்பதால் அவன் மூப்படையத் தொடங்குகிறான். தலையில் நரை எட்டிப் பார்க்கிறது. பறப்பது களைப்பாக இருக்கிறது. பறக்கும் காட்சிக்குச் செலவு அதிகம், பறக்க முடியாத நாயகன் தயாரிப்பாளருக்கு லாபம் என்று கிண்டலாகச் சொல்லலாம், நானும் சொன்னேன். ஆனால் எக்கோ எந்தக் கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று சுட்டினாரோ அந்தக் கதவுக்கு இந்த ஏழைத் தொடர் சாவி கண்டுபிடித்துவிட்டது. மாமனாரின் இரவல் இதயத்தோடு காலம் சூப்பர்மேனின் உடம்புக்குள் வந்துவிட்டது. இனி அவன் செய்கிற ஒவ்வொரு காரியமும் அவனைச் செலவழிக்கும். வில்லன் லெக்ஸ் லூத்தரோடு நடக்கும் கடைசிச் சண்டைகூட எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. லூத்தராக மைக்கேல் கட்லிட்ஸ் மிரட்டினாலும் கண் கிளார்க்கின் காதோர நரையிலேயே நின்றது.

கடைசி எபிசோட் அதன் பின்பாதியில் முப்பது வருடங்களுக்கும் மேல் தாண்டுகிறது. பிள்ளைகள் வளர்கிறார்கள், பேரன் பேத்தி வருகிறார்கள், ஒரு நாய் வருகிறது. லோயிஸுக்குப் புற்றுநோய் திரும்பி வருகிறது. அவள் முதலில் போகிறாள். பிறகு ஒருநாள் அந்த இரவல் இதயமும் நிற்கிறது. இங்கேயும் இறுதியில் மறுவுலகச் சந்திப்பு உண்டு. ஆலிவரிடம் உறுத்தியது கிளார்க்கிடம் உறுத்தவில்லை. ஏனென்றால் இவன் அதற்கு முன் கிழவனாகியிருந்தான். ஒரே சர்க்கரைதான், ஆனால் மருந்தை முழுசாகக் குடித்த பிறகு கொடுத்தார்கள். குறைகளும் உண்டு. மூன்று சீசன் பழகிய ஊர்க்காரர்கள் வாசலோடு போய்விடுகிறார்கள், கிளார்க்கின் பழைய தோழி லானாவின் குடும்பக் கதை அந்தரத்தில் நிற்கிறது. பழைய சீசனில் உயிராக இருந்த கிராமம் இதில் வெறும் பின்னணித் திரை.

நிறுத்தப்பட்ட தொடரை மீட்கப் போராடி ஜெயித்த ரசிகர்களும் இருக்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸின் 'டேர்டெவில்' மூன்றாம் சீசன் 2018 அக்டோபரில் வந்தது, அடுத்த மாதமே நிறுத்தியாயிற்று. அதன் முடிவு எனக்கு மிகப் பிடித்த முடிவுகளில் ஒன்று: ஃபாக்கியின் குடும்பக் கறிக்கடையில் நாயகன் மாட், அவன் நண்பர்கள் கேரன், ஃபாக்கி மூவரும் உட்கார்ந்திருக்க, கைதுடைக்கும் காகிதத்தில் ஃபாக்கி மூவர் பெயரையும் சேர்த்துப் புதிய வக்கீல் அலுவலகத்தின் பெயரை எழுதுகிறான். அதற்குப் பிறகு ஒரு சின்னத் துணுக்கு: அறுவை சிகிச்சை மேசையில் வில்லன் புல்ஸ்ஐ கண் திறக்கிறான். அந்தத் துணுக்கு மட்டும் இல்லாவிட்டால் அது முழுமையான 'முற்றும்'. ரசிகர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, வருடக்கணக்காகப் பிரச்சாரம் செய்தார்கள். நானும் அந்த மனநிலையில்தான் இருந்தேன். 2025 மார்ச் 4 அன்று 'டேர்டெவில்: பார்ன் அகெய்ன்' வந்தது, மாட்டாக நடித்த சார்லி காக்ஸ் வந்தார், மூன்று நண்பர்களும் ஒரே மேசையில் மறுபடி உட்கார்ந்தார்கள். முதல் எபிசோடின் ஆரம்பத்திலேயே புல்ஸ்ஐ ஃபாக்கியைத் தெருவில் சுட்டுக் கொன்றான்.