இலுப்பைப்பூச் சர்க்கரை

பெருந்தொற்றுக் காலத்தில் அவசரமாகத் தோன்றி, காலம் சற்றே தெளிந்ததும் சுவடின்றி மறைந்துபோன விளையாட்டு ஏற்பாடுகளையெல்லாம் இப்போது பின்னோக்கிப் பார்த்து மெச்சுவது விளையாட்டு விமர்சகர்களிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. 2020ஆம் ஆண்டின் கோடையில் அமெரிக்கக் கோல்ஃப் அமைப்பான பிஜிஏ டூர் தொடங்கி, ஒரே பருவத்தோடு முடித்துக்கொண்ட 'லோக்கல்ஐக்யூ' தொடருக்கும் அந்தப் புகழ்ச்சியில் ஒரு பங்கு கிடைத்து வருகிறது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பதற்கு அப்பால் அப்புகழ்ச்சியில் வேறு நியாயம் எதையும் நான் காணவில்லை. கரும்பாலையை யார் பூட்டினார்கள் என்று கேட்காதவர்களுக்கே அந்தச் சர்க்கரை இனிக்கும் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம்.

தொடரின் நற்குணங்களை முதலில் சொல்லிவிடலாம். அதற்கு அதிக நேரம் பிடிக்காது. கனடா, லத்தீன் அமெரிக்கா, சீனா ஆகிய இடங்களில் பிஜிஏ டூர் நடத்திய மூன்று வளர்நிலை டூர்களும் ஏககாலத்தில் முடங்கிய சந்தர்ப்பத்தில், அவற்றின் உறுப்பினர்களுக்கென்று சில வார அவகாசத்துக்குள் எட்டுப் போட்டிகளைத் திட்டமிட்டு அறிவித்தது சாமர்த்தியமான காரியந்தான். ஆட்டக்காரர்கள் தம் காரிலேயே போய்வரும்படி அமெரிக்காவின் தென் மாநிலங்களிலேயே மைதானங்களைத் தேர்ந்தது விவேகம். பத்திரிகைத் தொழிலில் பேர்பெற்ற கேனெட் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு, பத்திரிகைகளே விளம்பரமின்றித் தவித்த அந்த ஆண்டில், தன் பெயரைக் கொடுத்து இதை ஆதரித்ததும் ஒரு விநோதமான பெருந்தன்மை. மாதக்கணக்கில் மட்டையைத் தொட்டும் போட்டியைத் தொடாமலும் இருந்த இளைஞர்களுக்கு, எண்ணிக்கை எழுதப்படும் ஒரு பந்தயத்தில் ஆடும் அனுபவம் கிட்டியது. இவையெல்லாம் உண்மை.

ஆனால் வளர்நிலைத் தொடர் ஒன்றின் லட்சணம் பந்தயம் நடத்துவது அன்று. பந்தயம் நடத்த அமெரிக்காவில் எத்தனையோ சிறு டூர்கள் இருக்கின்றன; நுழைவுக் கட்டணத்தை வாங்கி அதையே பரிசாகப் பிரித்துக் கொடுக்கும் அவற்றை எவரும் வளர்நிலைத் தொடர் என்று கௌரவிப்பதில்லை. வளர்நிலைத் தொடர் தன் ஆட்டக்காரனுக்குக் கொடுப்பது பணமன்று, புகழுமன்று. இங்கே முதன்மையாக வந்தால் இதற்கு மேற்பட்ட டூரில் உனக்கு ஓர் இடம் நிச்சயம் என்ற வாக்குறுதி ஒன்றுதான். அந்த வாக்குறுதியை நம்பித்தான் ஒருவன் கடன் வாங்கி விமானமேறுகிறான், மலிவான விடுதிகளில் நால்வரோடு ஓர் அறையில் தூங்குகிறான், பின்தங்கியவரை வெளியேற்றும் 'வெட்டு' விழும் வெள்ளிக்கிழமை மாலைகளில் வெறுங்கையோடு ஊர் திரும்புகிறான்.

2019ஆம் ஆண்டில் இந்த வாக்குறுதி எவ்வளவு துல்லியமாக நிறைவேறியது என்பதைப் பார்த்தால்தான் மறு ஆண்டின் குறை விளங்கும். அவ்வாண்டு மூன்று டூர்களிலும் தலா முதல் ஐவருக்கு, ஆக 15 பேருக்கு, பிஜிஏ டூருக்கு அடுத்த படியான கோர்ன் ஃபெரி டூரில் இடம் கிடைத்தது. கனடாவில் முதலிடம் பெற்ற பிரெஞ்சுக்காரர் பால் பார்ஜோன், லத்தீன் அமெரிக்காவில் முதலிடம் பெற்ற அர்ஜென்டீனரான அகுஸ்தோ நூனியெஸ், சீனாவில் முதலிடம் பெற்ற அமெரிக்கர் மேக்ஸ் மெக்கிரீவி ஆகிய மூவரும் அப்படியே மேலேறினர். அவர்களில் மெக்கிரீவி 2020இலேயே கோர்ன் ஃபெரி போட்டியொன்றை வென்றார். பார்ஜோன் 2021இல் வென்றார். இருவரும் பின்னர் பிஜிஏ டூரையே எட்டினர். இவர்களுக்கு ஓராண்டு பிந்தி அதே ஆட்டத்தை ஆடியவன் என்ன பெற்றான்? ஓரிரு போட்டிகளில் வந்து ஆடிப்போகும் அழைப்பு அவனுக்குக் கிடைத்திருந்தாலும், ஒரு வாரத்து விருந்தாளிக்கும் வீட்டில் பங்குள்ளவனுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. முழுப் பருவத்து உரிமை தரும் அந்தப் 15 இடங்களில் ஒன்றுகூட 2020இல் வழங்கப்படவில்லை. லத்தீன் அமெரிக்க டூர் அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் தொடங்கி மறு ஆண்டுவரை நீட்டிக்கப்பட்டது. கனடாவின் அவ்வாண்டுப் பருவமும் சீனாவின் பருவமும் நடக்கவேயில்லை. சீனத் தொடர் அதன்பின் மீளவுமில்லை.

இதற்கு நோய் காரணமேயன்றி டூர் காரணமன்று என்று வாதிப்பவர்கள் உண்டு. நோய் பந்தயங்களை நிறுத்தியது மெய். ஆனால் இடங்களை உறைய வைத்தது நோயன்று, ஒரு நிர்வாகத் தீர்மானம். 2020 மார்ச்சில் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பின் முதல் நாளோடு நின்றுபோன பிஜிஏ டூர், ஜூன் 11ஆம் தேதியே டெக்ஸஸின் கலோனியல் மைதானத்தில் மீண்டும் தொடங்கிவிட்டது; கோர்ன் ஃபெரி டூரும் அதே நாளில் ஃப்ளோரிடாவில் தொடங்கியது. ஆனாலும், பிஜிஏ டூரில் இருந்தவர் எவரும் அவ்வாண்டு ஆட்டத்தைக் கொண்டு இடமிழக்க மாட்டார் என்றும், கோர்ன் ஃபெரியிலிருந்து அவ்வாண்டு யாரும் மேலேற மாட்டார் என்றும், அந்த டூரில் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் சேர்ந்து ஒரே பருவமாகக் கணக்கிடப்படும் என்றும், தகுதிகாண் போட்டியும் இராது என்றும் விதி செய்தார்கள். மேலே அமர்ந்தவருக்கு அனுதாபம் காட்டிய விதி அது. அந்த அனுதாபத்தின் செலவு முழுவதையும் கீழ்ப்படியில் நின்றவன் கொடுத்தான். மேலே ஒருவர் எழுந்திருக்காவிட்டால் நடுவில் இருப்பவர் நகர முடியாது, நடுவில் இருப்பவர் நகராவிட்டால் கீழே நிற்பவருக்கு இடமில்லை என்பது ஒரு சிறு பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. ஆகவே லோக்கல்ஐக்யூ தொடரை அறிவித்தவர்கள் அதை அறிவித்த நாளிலேயே, அது எங்கும் கொண்டுசேர்க்காத தொடர் என்பதை அறிந்தே அறிவித்தார்கள்.

சன்மானமாவது இந்தக் குறையை ஈடுசெய்ததா என்று பார்ப்போம். ஒரு போட்டிக்கு மொத்தப் பரிசுத்தொகை 1,00,000 டாலர். நூறு பேர் களமிறங்கிச் சமமாகப் பிரித்துக்கொண்டால்கூடத் தலைக்கு ஆயிரம் டாலர். சமமாகப் பிரிப்பதும் இல்லை. பந்தயங்கள் நின்றிருந்த மாதங்களில் பிஜிஏ டூர் தன் உறுப்பினர்களுக்கு பருவம் முழுவதுக்குமான புள்ளிப் போட்டியாகிய ஃபெடெக்ஸ் கோப்பையில் அவர்களுக்குரிய போனஸிலிருந்து முன்பணம் பெற்றுக்கொள்ள வசதி செய்தது; அதில் ஒருவர் பெறக்கூடிய உச்சவரம்பு 1,00,000 டாலர். மேலே ஒரு தனி மனிதன் கைச்செலவுக்கு முன்கூட்டி வாங்கக்கூடிய தொகையும், கீழே ஒரு முழுப் போட்டியின் பரிசுப்பணமும் ஒன்று! அவ்வாண்டு ஃபெடெக்ஸ் கோப்பையை வென்ற டஸ்டின் ஜான்சனுக்குக் கிடைத்த போனஸ் 1.5 கோடி டாலர். எட்டுப் போட்டிகளின் பரிசையும் சேர்த்தால் அதில் இருபதில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். இத்தகைய ஏற்றத்தாழ்வு விளையாட்டுக்குப் புதிதன்று என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாதாரண வருஷங்களில் அந்த ஏழ்மையைச் சகித்துக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. 2020இல் காரணத்தை எடுத்துக்கொண்டு ஏழ்மையை மட்டும் விட்டுவைத்தார்கள்.

இன்னுமொரு விஷயம். மூன்று கண்டங்களின் டூர்களுக்குப் பதிலாக வந்த தொடர் முழுவதும் ஒரே தேசத்தில் நடந்தது. வெளிநாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர் சிலருக்கு நுழைவுத் தடையிலிருந்து அமெரிக்க அரசு மே மாதத்தில் விலக்கு அளித்தது உண்மைதான். ஆயினும் தூதரகங்களில் விசாவுக்கான வழக்கமான பணிகள் மார்ச்சிலேயே நின்றிருந்தன. கனடாக்காரர் வந்து ஆடித் திரும்பினால் 14 நாள் தனிமையில் இருக்க வேண்டும். அதனால் அவர்களுக்கென்று தம் நாட்டிலேயே, பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் டொரான்டோ அருகிலும், நான்கு சிறு போட்டிகள் தனியே நடத்தப்பட்டன. அர்ஜென்டீனனுக்கும் சீனனுக்கும் அந்தச் சகாயமும் இல்லை. போட்டிகளும் மூன்று நாட்களில், 54 குழிகளில் முடிந்தன. நாலாம் நாளின் நெருக்கடியில்தான் ஆட்டக்காரனின் உள்ளம் தெரியும் என்பதைக் கோல்ஃப் அறிந்தவர் ஒப்புவர்.

நான் கேட்பது, அதாவது மேலேறும் வழியுள்ள ஒரு தற்காலிகத் தொடர், நடவாத காரியமன்று என்பதற்கு பிஜிஏ டூர் ஸ்தாபனமே சாட்சி. மறு ஆண்டும் கனடாவின் எல்லை அடைபட்டிருந்தபோது, அது 'ஃபோர்ம்' டூர் என்ற வேறொரு தற்காலிகத் தொடரை அமெரிக்காவிலேயே நடத்தியது. பணம் அங்கேயும் சொற்பந்தான்; ஆனால் போட்டிகள் 72 குழிகள் கொண்டவை, முதல் ஐவருக்குக் கோர்ன் ஃபெரியில் இடமும் உண்டு. அதில் முதலிடம் பெற்ற டிரெவர் வெர்பைலோ, 2022 மார்ச்சில் லூயிசியானாவின் லேக் சார்ல்ஸில் கோர்ன் ஃபெரி போட்டியை வென்று, அந்த ஆண்டிலேயே பிஜிஏ டூரில் ஆடும் உரிமையான கார்டைப் பெற்றார். அதுவும் ஒரே பருவத்தோடு மறைந்த தொடர்தான். ஆனால் அது மறையுமுன் தன் கடமையைச் செய்தது.

156 பேர் ஆடிய கோர்ன் ஃபெரி களத்தில் மேலும் ஐந்து பேரைச் சேர்த்திருந்தால் அந்த டூர் நொறுங்கிவிட்டிருக்காது. 2021இல் செய்ய முடிந்ததை 2020இல் செய்ய மனமில்லாமல் போயிற்று. லோக்கல்ஐக்யூ தொடர் நன்றாக நிர்வகிக்கப்பட்ட ஒரு பந்தயத் தொகுப்பு. வளர்நிலைத் தொடர் என்ற பெயருக்கு அது தகுதி உடையதன்று.