கை நீட்டியவனின் ஓட்டு

ஒரு புஸ்தகம் நூற்றைம்பது வருஷங்களுக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. அதைப் படிக்காதவர்கள் அதன் வாதத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களா என்று கவனித்தால் போதும். பிரதிநிதித்துவ ஆட்சியைப் பற்றி ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-இல் வெளியிட்ட நூலை மதுரை-அருப்புக்கோட்டை பஸ்ஸில் யாரும் கையில் வைத்திருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் எட்டாவது அத்தியாயத்தைக் காரியாபட்டி வருவதற்குள் முழுக்கக் கேட்டுவிடலாம். "ரேஷன் அரிசி சும்மா, கரண்டு சும்மா, மாசம் ஆயிரம் ரூபாயும் சும்மா. சும்மா வாங்கித் திங்கிறவங்களுக்கு ஓட்டு எதுக்கு சார்?" சொல்கிறவர் கெட்டவர் அல்ல. உத்தியோகத்தில் இருப்பவர், அல்லது ஓய்வு பெற்றவர். நல்ல நாவல்களைத் தேடிப் படிக்கிறவராகக்கூட இருக்கலாம். ஆகவே அவரோடு சண்டை பிடிப்பதைவிட, அவருடைய வாதத்தை அதன் மூலத்திலேயே எடுத்துப் பார்ப்பது நல்லது என்று தோன்றுகிறது.

மில்லின் நியாயம் சுருக்கமாக இதுதான். வரி விதிக்கிற சபையைத் தேர்ந்தெடுப்பவர்கள் தாங்களும் வரி கட்டுகிறவர்களாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவன் பையில் கைவிட்டுத் தாராளமாகச் செலவழிக்கத் தோன்றும். தன் உழைப்பால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாமல் ஊர்ப் பொதுப் பணத்திலிருந்து தரும உதவி பெறுகிறவன், அந்தப் பணத்தை ஆளுகிற உரிமையைக் கேட்கக் கூடாது. உதவிப் பட்டியலில் ஐந்து வருஷம் பெயர் இல்லாமல் இருந்தால்தான் அவனுக்கு ஓட்டு.

ஏழைகளை வெறுத்த மனிதர் எழுதியதல்ல இது. எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்த கூலிக்காரனுக்கும் ஓட்டு வேண்டும் என்று அவர் அந்த நாளிலேயே சொன்னவர். அதனால்தான் இந்த இடத்தில் அவர் வழுக்குவது கவனிக்கத் தக்கதாக இருக்கிறது.

முதல் வழுக்கல் வரி விஷயத்தில். காரியாபட்டிப் பக்கத்து மானாவாரிக் கிராமம் ஒன்றில், பட்டாசு ஆலை வேனுக்காக விடியற்காலையில் காத்து நிற்கிற ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வருமான வரி அலுவலகம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் வாங்குகிற சோப்பில் வரி இருக்கிறது, எண்ணெயில் இருக்கிறது, தேயிலைப் பொட்டலத்தில் இருக்கிறது. மறைமுக வரியை மில் மறந்துவிடவில்லை. ஏழை அதை உணர்வதில்லை, ஆகவே தலைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு நேர் வரி போடலாம் என்கிறார். உணராமல் கட்டுவது கட்டாததற்குச் சமம் என்பது தர்க்க சாஸ்திரத்தில் பெரிய புஸ்தகம் எழுதியவர் சொல்லக்கூடிய பேச்சா?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மில் 1823-இல் கிழக்கிந்தியக் கும்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1858 வரை அங்கேதான் இருந்தார். பிறகு வருஷத்துக்கு 1,500 பவுன் பென்ஷன். கும்பெனிக்கு 1833-க்குப் பிறகு வியாபாரம் கிடையாது. அதன் வருமானத்தில் பெரும்பகுதி இந்தியக் குடியானவன் கட்டிய வரிதான். அந்தக் குடியானவனுக்கு ஓட்டு இருந்ததா? வரி கட்டுகிறவனுக்கே ஓட்டு என்ற கொள்கையை எழுதிய மேஜைக்கே நம் ஊர்ச் சம்சாரிதான் காசு கொடுத்திருக்கிறான். மில்லை அவமதிக்க இதைச் சொல்லவில்லை. யார் யார் பணத்தில் வாழ்கிறார்கள் என்ற கணக்கை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் போட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

மில்லின் விதி வெறும் ஏட்டு விதியாக இருந்திருந்தால் விட்டுவிடலாம். இங்கிலாந்தில் அது சட்டமாகவே இருந்தது. 1832-ஆம் வருஷத்துச் சீர்திருத்தச் சட்டப்படி, பதிவுக்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் தரும உதவி பெற்றவனுக்கு நகரத் தொகுதியில் ஓட்டு கிடையாது. 1884-இல் கிராமத்து விவசாயக் கூலிகளுக்கும் ஓட்டு வந்தது. வந்த பிறகுதான் வேடிக்கை தெரிந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று தரும வைத்தியரிடம் மருந்து வாங்கினாலும் அது தரும உதவிதான். தகப்பனுக்கு ஓட்டுப் போய்விடும். மருந்தா, ஓட்டா என்று ஒரு கூலிக்காரன் இரவெல்லாம் யோசித்திருப்பான். நாவலாசிரியன் என்ற முறையில் எனக்கு மில்லின் அத்தியாயத்தைவிட அந்த ஓர் இரவில்தான் அதிக விஷயம் இருப்பதாகப் படுகிறது. 1885-இல் மருந்துக்கு மட்டும் விலக்கு அளித்துத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. 1918-இல் தடையை முழுவதும் எடுத்துவிட்டார்கள். நாம் அரசியல் சாசனம் எழுதியபோது 326-ஆம் விதியில் இந்த வழக்கத்தைச் சேர்க்கவே இல்லை. அங்கே குடியிராமை, சித்த சுவாதீனமின்மை, குற்றம், தேர்தல் முறைகேடு என்று தடைகள் உண்டு. வறுமை இல்லை.

பஸ்ஸில் பேசுகிறவரின் உண்மையான பயம் வரி அல்ல என்று நினைக்கிறேன். வாங்கினவன் கொடுத்தவனுக்கே ஓட்டுப் போடுவான் என்பதுதான் அவருடைய பயம். இதற்கு விடை தேட லண்டனுக்குப் போக வேண்டியதில்லை, விருதுநகரிலேயே இருக்கிறது. காமராஜ் 1956-இல் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு போட்டார். அரசாங்கத்திடம் கை நீட்டி வாங்கிய சோறு என்று அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1967-இல் அவர் தம் சொந்த ஊரிலேயே நின்றார். 1,285 ஓட்டு வித்தியாசத்தில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். 1956-இல் பத்து வயதாயிருந்து அந்தச் சோற்றைத் தின்ற பையனுக்கு 1967-இல் இருபத்தொன்று, அன்றைய ஓட்டு வயது. அவனும் அவனுடைய தாய் தகப்பனும் சோற்றை மறந்தவர்கள் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கும் காமராஜிடம் மதிப்பு உண்டு. அந்தத் தோல்வியை ரசிக்க என்னால் முடியாது. ஆனாலும் நன்றி வேறு, ஓட்டு வேறு என்று அந்த ஜனங்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதிக்கு மயங்கினார்கள் என்று பதில் வரலாம். அரிசி கிடைக்காத காலத்தில் அரிசியைப் பற்றி யோசித்து ஓட்டுப் போடுவது மயக்கமா?

பிற்பாடும் இதே கதைதான். கலர் டெலிவிஷன் கொடுத்த அரசு 2011-இல் 23 இடங்களோடு நின்றது. 2021 பொங்கலுக்கு அரிசி கார்டுக்கு 2,500 ரூபாய் கொடுத்த அரசு அதே வருஷம் மே மாதத்தில் போயிற்று. பெட்டி வீட்டில் இருக்கிறது, ஓட்டு வேறு பெட்டிக்குப் போயிருக்கிறது. இது சாத்தியமானதற்கு ஒரே காரணம் வாக்குச் சாவடியின் மறைப்பு. மில்லோ அதே நூலின் பத்தாவது அத்தியாயத்தில் ரகசிய ஓட்டே வேண்டாம் என்கிறார்! உதவி பெறுகிறவன் அடிமையாகிவிடுவான் என்று பயந்தவர், அடிமைத்தனத்துக்கு இருக்கிற ஒரே மருந்தையும் தட்டிவிடுகிறார்.

தேர்தலுக்கு முந்தின இரவில் கவரில் வருகிற பணம் வேறு சாதி. காரியாபட்டிக்கு அருகிலுள்ள திருமங்கலம் 2009 இடைத்தேர்தலால் அதற்குப் பெயரே கொடுத்துவிட்டது. அது சட்டப்படி குற்றம். கொடுப்பவனுக்கும் தண்டனை, வாங்குபவனுக்கும் தண்டனை. ரேஷன் அரிசியையும் அந்தக் கவரையும் ஒரே மூச்சில் பேசுகிறவர்கள் கவர் கொடுப்பவனுக்குத்தான் உபகாரம் செய்கிறார்கள்.

சரி, உதவி பெற்றவர்களைப் பட்டியலிலிருந்து எடுக்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். யாரை? 2016-இல் தமிழ்நாட்டில் எல்லா வீடுகளுக்கும் முதல் நூறு யூனிட் மின்சாரம் இலவசமாயிற்று. மாடி வீட்டுக்கும் சேர்த்துத்தான். வீட்டுக் கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு வாங்கியவர்கள் நம் வாசகர்களிலேயே எத்தனையோ பேர். 2019-இல் கம்பெனிகளின் வரி விகிதத்தை 30 சதவிகிதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள்; டைரக்டர்களின் ஓட்டைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்படிப்பட்ட விபத்துக்குப் பின் நிவாரணப் பணம் வாங்குகிற குடும்பம், ஆலைகளை யார் மேற்பார்வை செய்ய வேண்டும் என்று அடுத்த தேர்தலில் சொல்லக் கூடாதா? அதைச் சொல்ல அவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? யாருக்கு உதவி என்று முடிவு செய்வது அரசு. உதவி வாங்கியவனுக்கு ஓட்டு இல்லை என்றால், யாருக்கு ஓட்டு என்பதையும் அரசே முடிவு செய்ததாக ஆகும். பிடிக்காத ஊருக்கு வெள்ள நிவாரணம் அனுப்பியே அதன் வாயை அடைத்துவிடலாம்.

மில்லின் அத்தியாயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கடைசியில் வருகிறது. பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று அங்கே எழுதுகிறார். எழுதியதோடு நிற்காமல் 1867-இல் பார்லிமெண்டில் அதற்காகத் திருத்தம் கொண்டுவந்தார். 73 பேர் ஆதரவு, 196 பேர் எதிர்ப்பு. ஆனால் அந்நாளைய இங்கிலாந்தில் வீட்டில் இருந்தபடி தரும உதவி பெற்ற பெரியவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் விதவைகள். சில பக்கங்களுக்கு முன்னால் எழுதிய விதி அவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது என்பதை மில் கவனித்ததாகத் தெரியவில்லை. நம் ஊரிலும் ரேஷன் கடையில் பையோடு நிற்பது பெரும்பாலும் பெண்தான். 2023 செப்டம்பர் 15-இல் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது பட்டியலில் இருந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள். திட்டத்துக்கு உரிமைத் தொகை என்று பெயர் வைத்தார்கள். பஸ்ஸில் அந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம், பேசுகிறவர் வீட்டில் பாத்திரம் கழுவ வருகிற பெண்ணின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்குமே என்றுதான் நினைத்துக்கொள்வேன்.