வேடமும் விடுதலைப் பத்திரமும்

கலையை விமர்சிப்போர் ஒப்பந்தப் பத்திரங்களைப் படிப்பதில்லை. ஒப்பந்தப் பத்திரங்களை எழுதுவோர் கலையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இவ்விரு சாராருக்கும் இடையிலுள்ள வெளியிலேதான் இன்று எத்தனையோ பேருடைய கலை உழைப்புக் கேட்பாரற்றுப் போகின்றது. ஆதலின், அத்தகைய பத்திரமொன்றை ஓர் இலக்கிய நூலைப் படிப்பது போலவே சொல் சொல்லாகப் படித்துப் பார்ப்பது பயனுடைத்து. அஃது என்ன கூறுகிறது, எதை மறைக்கிறது, யாருக்காகப் பேசுகிறது என்பவற்றை ஆராய்வது விமர்சகனின் கடமைக்குப் புறம்பானதன்று.

சித்திரக் கதைகளிலும், அசைபடங்களிலும், விஞ்ஞானப் புனைகதைகளிலும் வரும் பாத்திரங்களின் உடையையும் தோற்றத்தையும் தம் கையாலேயே ஆக்கி அணிந்து, இரசிகர் விழாக்களிலே தோன்றும் வழக்கத்தைக் கொஸ்பிளே என்பர். உடை, விளையாட்டு எனப் பொருள்படும் இரு ஆங்கிலச் சொற்களைக் குறுக்கி ஒட்டி, யப்பானியரான நொபுயுக்கி தக்காஹாஷி 1983 இல் இச்சொல்லை வழக்கிற் புகுத்தினார். வழக்கமோ சொல்லினும் பழையது. 1939 இல் நியூயோர்க்கிலே கூடிய முதலாவது உலக விஞ்ஞானப் புனைகதை மாநாட்டுக்குப் பொரஸ்ட் ஆக்கர்மன் என்பவரும் மேர்ட்டில் டக்ளஸ் என்பவரும் எதிர்கால மனிதரின் உடையணிந்து வந்தனர். இருவர் உடைகளையும் தைத்தவர் மேர்ட்டில் டக்ளஸ். ஆனால் இக்கலையின் முன்னோடியென நெடுங்காலம் பேசப்பட்டவர் ஆக்கர்மன். தைத்தவள் பெயர் பின்னே நிற்க, அணிந்தவன் பெயர் முன்னே சென்றது. இக்கலையின் வரலாறு தொடங்கும் இடத்திலேயே, உழைப்பு யாருடையது, பெயர் யாருக்குரியது என்னும் வினாவும் தொடங்கிவிட்டது.

1970 இல் சான் டியேகோவிலும் 1975 இல் டோக்கியோவிலும் சிறு கூட்டங்களாகத் தொடங்கிய விழாக்கள் இன்று இலட்சக்கணக்கானோரை ஈர்க்கும் பெருஞ்சந்தைகளாக வளர்ந்துள்ளன. கொழும்பிலும் 2015 இல் இத்தகைய விழாவொன்று நடைபெற்றது. எனவே இஃது எங்கோ தொலைவில் நிகழும் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுதற்கில்லை.

இக்கலைஞர்களிற் பெரும்பாலோர் வேறு தொழில் செய்து வாழ்பவர்கள், மாணவர் பலர், பெண்கள் மிகப் பலர். அலுவல் முடிந்த இரவுகளிலே துணி வெட்டி, நுரைப்பலகையைச் சூடேற்றி வளைத்துக் கவசமாக்கி, பொய்ம்முடி சீவி, மாதக்கணக்கில் உழைத்து ஓர் உருவத்தைச் சமைக்கின்றனர். அவ்வுருவம் உயிர்வாழ்வது ஒன்றிரண்டு நாட்களே. அதன்பின் எஞ்சுவது புகைப்படம். அப்படம் யாருடையது என்று கேட்டால், சட்டம் தரும் விடை எளிது: பொதுவாகக் கமெராவைப் பிடித்தவர் யாரோ அவருடையது. வேடம் புனைந்தவள் அப்படத்தின் ‘பொருள்’ மாத்திரமே.

அவள் முன்னே இருவகைப் பத்திரங்கள் உள்ளன. ஒன்று விழாவின் நுழைவுச்சீட்டு. உள்ளே காலடி வைத்ததனாலேயே, விழா நடத்துவோர் தன்னைப் படமெடுக்கவும் அப்படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தவும் அவள் சம்மதித்தவளாகிறாள் எனச் சீட்டின் நிபந்தனைகளுள் ஒன்று வழக்கமாகக் கூறும். மற்றையது படப்பிடிப்பாளர் நீட்டும் பத்திரம். அதன் வாசகம் பெரும்பாலும் ஒரே அச்சிலே வார்த்ததாயிருக்கும்: என்றென்றைக்கும், உலகெங்கும், மீளப்பெற முடியாதவாறு, இன்றுள்ளனவும் இனிமேற் கண்டுபிடிக்கப்படவிருப்பனவுமான எல்லாச் சாதனங்களிலும், எவ்வித மாற்றமும் செய்து பயன்படுத்த அவள் இசைகின்றாள். எதிரே அவளுக்குக் கிடைப்பது சில படப்பிரதிகள். சில வேளை அவையுமில்லை.

இப்பத்திரத்தின் பெயரையே முதலில் நோக்குவோம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரின் பொருள் விடுவித்தல் என்பதாகும். தமிழிலும் விடுதலைப் பத்திரம் என்றொன்று உண்டு. கூட்டுச் சொத்திலே தனக்குள்ள பங்கைப் பங்காளி ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுத்து எழுதுவது அது. பங்கில்லாதவரிடம் யாரும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவதில்லை. அவ்வாறாயின், வேடம் புனைந்தவளிடம் கையொப்பம் கேட்பதன் பொருள் யாது? அவளுக்கு அப்படத்திலே ஓர் உரிமை உண்டு என்பதைப் பத்திரமே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட அதே மூச்சில் அதைப் பறித்துவிடுகிறது.

அவ்வுரிமை வானத்திலிருந்து விழுந்ததன்று. 1900 ஆம் ஆண்டையொட்டி நியூயோர்க் மாநிலத்திலே, ஒரு மா ஆலைக்காக, ஓர் இளம்பெண்ணின் படத்தை அவள் அறியாமல் 25,000 சுவரொட்டிகளில் அச்சிட்டு ஒட்டினர். அவள் வழக்குத் தொடுத்தாள். 1902 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், அப்படியோர் உரிமை சட்டத்திலே இல்லையென நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையால் அவ்வழக்கைத் தள்ளியது. பொதுமக்களிடையே கண்டனம் எழுந்தது. மறு ஆண்டே, 1903 இல், ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவரது எழுத்துமூலச் சம்மதமின்றி விளம்பரத்துக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாகாது எனச் சட்டமன்றம் சட்டமியற்றியது. அத்தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி 1904 இல் ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளராக நின்றபோது, தம்மையும் தம் குடும்பத்தையும் கமெராக்காரர் விடாது துரத்துவதாகச் சலித்துக்கொண்டார். அப்பெண் அவருக்குப் பகிரங்கக் கடிதமெழுதி, அவருடைய தீர்ப்பையே அவருக்கு நினைவூட்டினாள்.

எழுத்துமூலச் சம்மதம் என்பது படமெடுக்கப்பட்டவரைக் காக்கவென ஒரு சாதாரணப் பெண்ணின் அவமானத்திலிருந்து பிறந்த ஏற்பாடு என்பது இவ்வரலாற்றால் விளங்கும். நூற்றாண்டொன்று கழிந்தபின் அது எந்நிலையில் உள்ளது? கேட்டுப் பெறவேண்டிய சம்மதம் அச்சடித்த படிவமாயிற்று. படிவம் நுழைவுச்சீட்டின் ஒரு வரியாயிற்று. காப்பாக வந்த பத்திரம் காப்பைக் களையும் கருவியாயிற்று. சந்தை வலுப்பெற்ற சமுதாயத்திலே, மக்கள் பெற்ற உரிமையொன்று அழிக்கப்படாமலே பொருளிழந்து போவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

இனி, படத்தின் ஆசிரியர் யார் என்னும் வினாவுக்கு வருவோம். புகைப்படத்துக்கு ஆசிரியர் உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 1884 இல். ஒஸ்கார் வைல்ட் 1882 இல் அமெரிக்காவிலே சொற்பொழிவுச் சுற்றுலா செய்தபோது, நியூயோர்க்கின் புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் நெப்போலியன் சரோனி அவரைப் படமெடுத்தார். கல்லச்சு நிறுவனமொன்று அப்படத்தில் 85,000 பிரதிகளை அனுமதியின்றி அச்சிட்டது. படம் பொறியின் விளைவு, அதற்கு ஆசிரியரில்லை என்பது நிறுவனத்தின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வைல்டை நிறுத்திய நிலை, உடையினதும் திரைகளினதும் தேர்வும் ஒழுங்கும், ஒளியும் நிழலும், முகத்திலே வரவழைத்த பாவம் ஆகிய யாவும் சரோனியின் மனத்திலே தோன்றியவை. ஆதலால் அவரே ஆசிரியர் எனத் தீர்த்தது.

படப்பிடிப்பைக் கலையென ஏற்ற வகையில் இத்தீர்ப்பு முற்போக்கானதே. ஆயினும் அதன் தருக்கத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். வைல்டின் வெல்வெட் உடையும் முழங்காலளவுக் காற்சட்டையும் பட்டுக் காலுறையும் அவர் மேடைக்கென்றே கொண்டுவந்தவை. அழகியல்வாதிகளைக் கேலிசெய்யும் இசைநாடகமொன்றை நடத்திவந்த டொயிலி கார்ட் என்பவரே, அத்தகைய அழகியல்வாதியை அமெரிக்கர் நேரிற் காணட்டும் என அச்சுற்றுலாவை ஏற்பாடு செய்தவர். வைல்டும் ஒருவகையில் வேடம் புனைந்து நின்றவரே. ஆனால் வழக்கிலே அவர் கட்சிக்காரருமல்லர். அவர் கொணர்ந்த உடையும் பாவமும் பிறருடைய ஆசிரியத்துவத்துக்குச் சான்றாயின.

அந்த அளவுகோலையே இன்றைய விழா மண்டபத்துக்குக் கொண்டு செல்வோம். உடையைத் தேர்ந்தவர் யார்? ஆக்கியவர் யார்? பாத்திரத்தின் குணத்துக்கேற்ப நிலையையும் பாவத்தையும் அமைத்தவர் யார்? நீதிமன்றம் அடுக்கிய கூறுகளிற் பாதி வேடம் புனைந்தவளுடையவை. ஒளி, கோணம், கணம், பின்னர் செய்யும் திருத்தம் ஆகியன படப்பிடிப்பாளருடையவை. நேர்மையாகக் கூறின் இஃது இருவர் படைப்பு. கலைப்படைப்பு என்பது தனியொருவனின் உள்ளத்திலிருந்து ஊற்றெடுப்பது என்ற பழைய கற்பிதமே இவ்வெளிய உண்மையைக் காணவிடாமல் தடுக்கிறது.

எதிர்வாதங்களையும் எடைபோடுதல் நேர்மை. படப்பிடிப்பாளரும் உழைப்பாளியே. பெரும்பாலும் அவரும் வார இறுதியிலே ஊதியமின்றித் திரிபவர். ஒரு படத்தைத் திருத்தப் பல மணிநேரம் செலவிடுபவர். அவரை முதலாளி எனச் சாடுவது ஆய்வாகாது. மேலும், எல்லாப் படத்துக்கும் சம்மதம் வேண்டுமென விதித்தால் செய்திப் படமும் தெருவின் வாழ்வைப் பதியும் கலையும் முடங்கும். பொலிசாரின் அடக்குமுறையைப் படமெடுப்பவருக்கும் அதுவே விலங்காகும். 2006 இல் நியூயோர்க் நீதிமன்றமொன்று, டைம்ஸ் சதுக்கத்தில் அறியாமலே படமெடுக்கப்பட்ட முதியவரின் வழக்கைத் தள்ளியபோது, கலைக்கு 1903 ஆம் ஆண்டுச் சட்டம் தடையாகாது என்றது. அப்படத்தின் பிரதிகள் இருபதினாயிரம் டொலருக்கும் மேலாக விற்கப்பட்டவை. சுதந்திரமும் வணிகமும் இங்கே ஒரே போர்வைக்குள் இருப்பதைக் காண்கிறோம்.

யப்பானின் அனுபவம் வேறொரு பக்கத்தைக் காட்டும். 1962 இல் கியோத்தோவிலே மாணவர் ஊர்வலமொன்றைப் பொலிசார் படமெடுத்ததையொட்டி எழுந்த வழக்கில், தம் சம்மதமின்றித் தம் முகமும் தோற்றமும் படமெடுக்கப்படாதிருக்கும் சுதந்திரம் ஒவ்வொருவருக்கும் உண்டென அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1969 இல் கூறியது. அவ்வழக்கிலே பொலிசாரின் செயலைச் சரியென்றே தீர்த்ததாயினும், கொள்கை நிலைத்தது. வலியவனின் கமெராவுக்கு எதிராக எளியவன் கேட்ட உரிமை அது. எளியவனின் கமெராவை மூட எழுந்ததன்று. யார், யாரை, எதற்காகப் படமெடுக்கிறார் என்ற வினாவைத் தவிர்த்து உருவ உரிமையைப் பேசுதல் வெறுங்கையால் முழம்போடுவதாகும்.

டோக்கியோவின் கொமிக்கெட் விழாவிலே வேடம் புனைவோர் பதிவுசெய்துகொள்வர். படமெடுப்பதற்கென ஒதுக்கிய இடங்களில் நிற்பர். படப்பிடிப்பாளர் வரிசையில் நின்று அனுமதி கேட்டபின்னரே எடுப்பர். கேட்டல் அங்கே வழக்கம். நியூயோர்க்கில் நிலைமை வேறாயிருந்தது. வேடம் அணிந்தமை சம்மதமாகாது எனப் பெரிய அறிவிப்புப் பலகைகளை அங்குள்ள கொமிக் விழாவினர் 2014 இல் நாட்டவேண்டியதாயிற்று. கேளாது தொடுதலும், கேளாது படமெடுத்தலும், பின்தொடர்தலும் பெண்களை அவ்வளவுக்கு வருத்தியிருந்தன. ஆயின் இங்கொரு முரண்பாடு உண்டு. வேடம் சம்மதமாகாது என்று பலகை கூறும் இத்தகைய விழாக்களிலே, வருகையே சம்மதம் என்று சீட்டுக் கூறுகிறது. இரசிகனுக்கு ஒரு நீதி, நிர்வாகத்துக்கு வேறொரு நீதி.

இருவருக்கும் மேலே இன்னொருவர் இருப்பதையும் மறத்தலாகாது. பாத்திரம் நிறுவனத்தின் உடைமை. வேடமும் படமும் நிறுவனத்துக்குச் செலவில்லாத விளம்பரமாயிருக்கும்வரை அது கண்டுகொள்ளாதிருக்கும். இவர்கள் நாலு காசு பார்க்கத் தொடங்கினால் சட்டம் விழித்துக்கொள்ளும். தொழிலாகக் கொஸ்பிளே செய்வோரின் வருவாயும் பதிப்புரிமையும் பற்றி விதி வகுப்பது குறித்து யப்பானிய அரசு 2021 இன் தொடக்கத்திலே ஆலோசித்ததும் இதனாலேயே. ஆகவே வேடம் புனைந்தவளும் படமெடுத்தவரும் ஒருவரோடொருவர் பொருதுகையில், ஆதாயம் செல்லுமிடம் வேறு.

இனிமேற் கண்டுபிடிக்கப்படவிருக்கும் சாதனங்கள் என்ற வாசகத்தின் கொடுமை அண்மையிலேதான் வெளிப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கையொப்பமிட்டவள், தன் முகத்தைக் கற்றுக்கொண்டு தான் நிற்காத கோலத்திலே தன்னை வரைந்துதரும் இயந்திரம் வரும் என்று கனவிலும் கண்டிருக்கமாட்டாள். எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதை அறியாமல் அளிக்கும் சம்மதம் சம்மதமாகாது.

வேண்டுவது பத்திரமே வேண்டாம் என்பதன்று. நல்ல பத்திரம் வேண்டும். அது ஒரு பக்கத்துக்கு மேற்படாது, எவரும் விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும். இருவரையும் படைத்தவர்களெனக் கூறல் வேண்டும். இருவர் எண்ணமும் ஒன்றுசேர்ந்த கூட்டுப்படைப்பை அமெரிக்கச் சட்டமே ஏற்பதால் அதற்குத் தடையில்லை. எங்கே, எதற்காக, எத்தனை ஆண்டுக்கு என வரையறை வேண்டும். விற்றால் பங்கு எவ்வளவு என்பது வேண்டும். உருவத்தை மாற்றுதற்கும் இயந்திரத்துக்குப் பயிற்றுதற்கும் தனிச் சம்மதம் வேண்டும். சிறுவராயின் பெற்றோர் அறிதல் வேண்டும். இவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே மன்றாடிப் பெறுதல் இயலாது. படப்பிடிப்பாளரும் வேடம் புனைவோரும் ஒன்றுகூடிப் பொதுவான பத்திரமொன்றை எழுதி, விழா நடத்துவோர் முன் வைத்து, நுழைவுச்சீட்டின் அந்த ஒரு வரியை நீக்குமாறு கேட்டல் வேண்டும்.

அவர்கள் கேட்கும்போது, கையொப்பம் கேட்ட பத்திரமே அவர்கள் பக்கம் சாட்சி சொல்லும்.