புகையும் ருசியும்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைப் பற்றி முன்பு ஒரு தரம் எழுதியிருக்கிறேன். விறகடுப்பு போய் நீராவி வந்த இடங்களில் கோவாவின் ஜீவனே போய்விட்டது என்பது அன்று என் தீர்ப்பு. அதை இப்போது பாதியாவது வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. காரணம், அந்தக் கோவாவை நானே செய்து பார்த்ததுதான்.

ராஜபாளையத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பஸ் ஏறினால் அரைமணியில் ஸ்ரீவில்லிபுத்தூர். வாங்கித் தின்னக் கூடியதை எதற்காகச் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். ஒரு பண்டம் எதனால் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள, அதை நகல் எடுத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி கிடையாது. ஜெர்மனியில் பாம்பெர்க் என்ற ஊரில், முளைகட்டிய பார்லியை பீச் மரப் புகையில் உலர்த்தி, ஷ்லெங்கர்லா என்று ஒரு கறுத்த பீர் காய்ச்சுகிறார்கள். அந்த ருசியை வீட்டுப் பானையில் பிடித்துவிட அயல்நாட்டு ரசிகர்கள் மெனக்கெடுகிறார்கள். நம் ஊரில் வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் விடாது. பால் காய்ச்சத் தடை இல்லை.

வேண்டியவை பசும்பாலும் சர்க்கரையும்தான். பட்டியல் சிறிதாக இருந்தால்தான் ஆள் ஏமாறுவான். முதல் நாள், கொழுப்பு எடுத்த பாக்கெட் பாலைக் காஸ் அடுப்பில் வைத்தேன். திரண்டது, ஆனால் நாக்கில் மாவாக ஒட்டிற்று. இரண்டாம் நாள் தெருக்கோடி வீட்டில் கறந்த பால், நாலு லிட்டர். பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். கோவா கிளறுவது என்றால் அந்தத் தண்ணீரை விரட்டுவதுதான். தீ மிஞ்சினால் அடிப்பிடிக்கும். நேரம் மிஞ்சினால் நிறம் சிவக்கும். அன்று நல்ல கோவாவே வந்தது. ஆனால் கடைக் கோவாவில் இருக்கிற, பெயர் சொல்ல வராத ஏதோ ஒன்று அதில் இல்லை.

மூன்றாம் நாள் கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டிப் புளிய விறகை மூட்டினேன். இரண்டு மணி நேரம் கை ஓயவில்லை. காற்றுத் திரும்பும்போதெல்லாம் புகை முகத்தில் அடித்தது. கண் எரிந்து மூக்கில் நீர் வடிந்தபோதுதான் உறைத்தது, 'ஜீவன்' என்று நான் எழுதியது இதைத்தான் என்று. அந்த வார்த்தையை எழுதும்போது நான் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

"நல்லா வந்திருக்குடா தம்பி. புகைதான் கொஞ்சம் அடிக்குது."

"அதுதான் வேணும் அக்கா. கடைக் கோவாவிலேயும் இருக்கே?"

"இருக்கு. அதை நாங்க நல்லதுன்னு எப்பச் சொன்னோம்? முப்பது வருஷம் விறகடுப்பு ஊதினவளுக்குப் புகையைத் தட்டுல வேற வச்சுக் குடுப்பியா?"

எனக்குப் பதில் வரவில்லை. பாலில் புகை ஏறிவிட்டால் காப்பிக்கு உதவாது என்று ஒதுக்குகிறவர்கள் நாம். அதே குறை கோவாவில் குணமாகிவிட்டது. பாம்பெர்க் கதையும் இதுதான். ஒரு காலத்தில் விறகுத் தீயில் தானியம் உலர்த்திய ஊர்களில் எல்லாம் பீரில் புகை இருந்தது. புகை படாமல் உலர்த்தும் சூளைகள் வந்ததும் மற்ற ஊர்கள் சந்தோஷமாக அதை விட்டுவிட்டன. விடாத ஊரில் அது விசேஷமாயிற்று.

என் நாவல்களிலும் அடுப்படிப் புகை நிறையச் சுருண்டு எழுந்திருக்கிறது. 'அழகான வர்ணனை' என்று கடிதம் எழுதியவர்கள் உண்டு. ஊதுகுழல் பிடித்தவளிடம் அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குக் காவல் வந்துவிட்டது. ருசிக்குக் காவல் நம்மைப் போன்ற ரசிகர்கள்தான். எதைக் காக்கிறோம் என்று தெரிந்து காக்க வேண்டும். புகை வாசம் என் நாக்குக்கு இன்னும் பிடிக்கத்தான் செய்கிறது. பொய் சொல்வானேன்? ஆனால் அது என் ஞாபகத்தின் ருசி. கோவாவின் யோக்கியதை வேறு. பால் நல்ல பாலா, பதம் சரியா, சர்க்கரை பாலை மறைக்கிறதா என்பதே கேள்வி. சர்க்கரை மறைத்தால் இனியும் திட்டுவேன். புகை இல்லை என்று திட்டமாட்டேன்.