ஓவியத்தை விற்று யாரைக் காப்பது?

அமெரிக்கக் கலை அருங்காட்சியகங்கள் பலவற்றின் இருப்புநிலைக் குறிப்பில், சுவரில் தொங்கும் ஓவியங்களுக்கு மதிப்பு எதுவும் போட்டிருக்காது. சேகரிப்பைச் சொத்தாகக் காட்ட வேண்டாம் என்று கணக்கியல் விதி விலக்களிக்கிறது. விற்று வரும் பணத்தில் வேறு கலைப்பொருள்தான் வாங்க வேண்டும் என்பது நெடுங்காலம் அதற்கான நிபந்தனை. இருப்பவற்றைப் பராமரிக்கவும் செலவிடலாம் என்று 2019இல்தான் அது தளர்ந்தது. அருங்காட்சியக இயக்குநர்களின் சங்கமோ அதற்குப் பிறகும் பழைய கட்டுப்பாட்டிலேயே நின்றது. அதை மீறிய டெலவேர் கலை அருங்காட்சியகத்துக்கு முன்பே, 2014இல், தன் உறுப்பினர்கள் யாரும் இனி ஓவியம் இரவல் தரக் கூடாது என்று தண்டனையும் விதித்திருந்தது.

2020 மார்ச்சில் கொரோனாவால் அருங்காட்சியகங்களின் கதவுகள் மூடின. நுழைவுக் கட்டணம், கடை, உணவகம், விழாக்களுக்கு விடும் கூடத்தின் வாடகை எல்லாம் ஒரேயடியாக நின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 15 கோடி டாலர் வருவாய் இழப்பைக் கணக்கிட்டது. ஏப்ரலில் இயக்குநர் சங்கம் இறங்கிவந்தது. 2022 ஏப்ரல் 10 வரை, கலைப்பொருள் விற்ற பணத்தைச் சேகரிப்பின் 'நேரடிப் பராமரிப்பு'க்குச் செலவிடுவோர்மேல் நடவடிக்கை இல்லை என்றது.

விதைநெல்லை விற்றுத் தின்பதா என்ற கோபம் உடனே எழுந்தது. அந்தக் கோபத்தில் பாதிதான் நியாயம். பெரிய அருங்காட்சியகங்களின் சேகரிப்பில் பெரும்பகுதி பார்வைக்கே வருவதில்லை, கிடங்கில் கிடக்கிறது. அதைக் குளிர்பதனத்தில் வைக்கவும் காப்பீடு செய்யவும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். ஒரே ஓவியரின் சுமாரான படைப்புகள் பல இருந்தால் ஒன்றிரண்டை விடுவதில் குடி முழுகிவிடாது. புரூக்ளின் அருங்காட்சியகம் இந்த வழியில்தான் போனது. நியூயார்க்கில் மெட்ரோபாலிடனின் நிழலில் எப்போதும் பணமுடையில் தள்ளாடிய நிறுவனம் அது. பராமரிப்புக்கென 4 கோடி டாலர் வைப்பு நிதி திரட்டத் திட்டமிட்டு, 2020 அக்டோபரில் லூகாஸ் கிரானாகின் 'லுக்ரீஷியா'வை ஏலத்துக்கு விட்டது. 18 லட்சத்தைத் தாண்டாது என்று மதிப்பிடப்பட்டிருந்த அந்த ஓவியம் 51 லட்சம் டாலருக்குப் போனது. கிரானாக் போனது இழப்புதான். ஆனால் வட்டி வந்துகொண்டிருக்கும்வரை மற்ற ஓவியங்களின் பராமரிப்புக்கு ஒவ்வொரு ஆண்டும் கையேந்த வேண்டியதில்லை. இதை என்னால் குறைசொல்ல முடியவில்லை.

பால்டிமோர் கதை வேறு. அதே அக்டோபரில் அந்நகர அருங்காட்சியகம் பிரைஸ் மார்டன், கிளிஃபர்ட் ஸ்டில், ஆண்டி வார்ஹால் ஆகியோரின் மூன்று படைப்புகளை விற்று 6.5 கோடி டாலர் திரட்டக் கிளம்பியது. பராமரிப்புச் செலவை அந்த நிதியின் வட்டி பார்த்துக்கொண்டால், பட்ஜெட்டில் மிச்சமாகும் பணத்தில் காவலர்கள் உள்ளிட்ட ஊழியர்களின் ஊதியத்தை உயர்த்தலாம், மாலையிலும் திறந்துவைக்கலாம் என்பது திட்டம். பெண்கள், கறுப்பினத்தவர் படைப்புகளை வாங்கவும் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். நோக்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் அருங்காட்சியகம் நெருக்கடியில் இல்லை என்று அதன் இயக்குநர் கிறிஸ்டபர் பெட்ஃபோர்டே சொன்னார். வெள்ளத்துக்காகத் திறந்த மதகில் தன் வயலுக்கு நீர் பாய்ச்சிக்கொள்வதாகவே எதிர்ப்பாளர்களுக்கு அது பட்டது. ஸ்டில் அந்த ஓவியத்தைத் தன் கையாலேயே அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர். வார்ஹாலின் 'கடைசி விருந்து' அங்கே வருபவர்கள் தேடிப் பார்க்கும் படைப்பு. முன்னாள் அறங்காவலர் குழுத் தலைவர்கள் இருவர் தருவதாகச் சொல்லியிருந்த 5 கோடி டாலரைத் திரும்பப் பெற்றார்கள். எதிர்கால லட்சியங்களுக்கு இந்தச் சலுகை இல்லை என்று இயக்குநர் சங்கமும் விளக்கம் தந்தது. அக்டோபர் 28 அன்று, ஏலத்துக்குச் சில மணி நேரம் முன்பு, விற்பனை கைவிடப்பட்டது.

இதில் விற்று வரவிருந்த பணத்தைவிட விலகிய நன்கொடைதான் பாடம் சொல்கிறது. அமெரிக்காவில் ஓவியம் தானம் செய்பவர் அதன் சந்தை மதிப்பை வரிக்கழிவாகப் பெறலாம்; அந்த அளவுக்கு ஓவியத்தில் பொதுமக்கள் பணமும் கலந்திருக்கிறது. இன்று தானம் வாங்கி நாளை விற்கும் வழக்கம் தொடங்கினால், தருகிற கை தயங்கும். அரசும் பணக்காரர்களும் 'உங்களிடம்தான் வார்ஹால் இருக்கிறதே' என்று கையை விரிப்பார்கள். 300 கோடி டாலருக்கு மேல் வைப்பு நிதி வைத்திருக்கும் மெட்ரோபாலிடனே 2021 தொடக்கத்தில் இந்தச் சலுகையைப் பயன்படுத்த யோசித்தபோது, அதன் முன்னாள் இயக்குநர் தாமஸ் கேம்பெல் இதைப் போதைப் பழக்கத்தோடு ஒப்பிட்டு எச்சரித்தார். மிகை என்று ஒதுக்கிவிட முடியாத எச்சரிக்கை.

ஆனால் விமர்சகர்கள் அதிகம் தொடாத ஓட்டை வேறொன்று. 2020 கோடையில் அமெரிக்க அருங்காட்சியகக் கூட்டமைப்பு நடத்திய ஆய்வில் 16 விழுக்காடு இயக்குநர்கள் நிறுவனமே மூடப்படும் அபாயம் பெரிது என்றார்கள். இன்னும் 17 விழுக்காட்டினர் தெரியவில்லை என்றார்கள். இவர்களில் எத்தனை பேரிடம் கிரானாக் இருக்கும்? சிற்றூர் வரலாற்று இல்லத்தில் விற்பதற்குப் பழைய ஏர்க்கலப்பையும் திருமண உடையும்தான் இருக்கும். அறிவியல் கூடத்தில் அதுவும் கிடையாது. விற்கும் உரிமையால் பயன் பெற்றது ஏற்கெனவே பணக்காரச் சுவர்கள் கொண்ட இடங்களே. அங்கும் வேலையிழந்த காவலருக்கும் வழிகாட்டிக்கும் அதிலிருந்து நேரடியாக ஒரு டாலர்கூடப் போக வழியில்லை. மெட்ரோபாலிடன் தன் ஊழியர் எண்ணிக்கையை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது அந்த ஆண்டில்தான். ஓவியம் நீங்கியதற்கு வந்த கண்டனக் கட்டுரைகளில் பாதியாவது ஆள் நீங்கியதற்கு வந்திருக்கலாம்.

தற்காலிகச் சலுகை தற்காலிகமாகவே போய்விடவும் இல்லை. 2022 செப்டம்பரில் இயக்குநர் சங்க உறுப்பினர்கள் வாக்களித்து அதை நிலையான விதியாக்கினார்கள். சீரமைப்பு, பாதுகாப்பு, கிடங்கில் வைக்கத் தேவைப்படும் பொருட்கள் போன்றவற்றுக்கு விற்பனைப் பணம் செல்லும். அன்றாட நிர்வாகச் செலவுக்குச் செல்லாது. அதே மாதம் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தின் ஊழியர்கள் ஊதியமும் மருத்துவக் காப்பீடும் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது 19 நாள் நடந்தது.