அட்டைப் பெட்டிக்குள் ஓர் உலகம்: மலிவு யாருக்கு?

ஓர் அட்டைப் பெட்டி. அதில் இரண்டு குவிவில்லைகள். நடுவே ஒரு தடுப்பு. கருவி இவ்வளவுதான். இதனுள் கைப்பேசியைச் செருகிக் கண்ணருகே பிடித்தால் நீங்கள் நிலவின் தரையில் நிற்கலாம், கடலடியில் திமிங்கலத்தின் பக்கத்தில் மிதக்கலாம் என்று விளம்பரம் சொல்கிறது. விலை 150 ரூபாய். இயற்பியல் ஆசிரியன் ஒருவனுக்கு இதைவிட ஆசை காட்டும் பொருள் வேறு உண்டோ? வாங்கினேன். கல்லூரியில் முதலாண்டு மாணவர்களிடம் கொடுத்தேன். ஒரு திங்கள் காலம் பயன்படுத்திப் பார்த்தபின் எழுதும் மதிப்பீடு இது.

முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். பெட்டி நல்ல பெட்டிதான். ஆனால் அது மலிவானது என்பதில் பாதிதான் உண்மை. மறுபாதியை வாங்குவதற்கு முன்பே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய கருவியின் மறுபிறவி

2014ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கூகுள் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடத்திய ஆண்டுக் கூட்டத்தில், வந்திருந்தவர்களுக்கெல்லாம் இத்தகைய பெட்டி ஒன்றை வழங்கியது. பாரிசில் பணியாற்றிய டேவிட் கோஸ், டேமியன் ஹென்றி என்னும் பொறியாளர் இருவர் உருவாக்கியது அது. 'கார்ட்போர்டு', அதாவது அட்டை, என்பதே அதற்கு இட்ட பெயர். வடிவமைப்பை நிறுவனம் மறைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் அட்டையை வெட்டி, மடித்துச் செய்துகொள்ளலாம் என்று வெளியிட்டது. 2015 நவம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் தன் சந்தாதாரர்களுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை இலவசமாக அனுப்பியது. 2019ஆம் ஆண்டுக்குள் உலகெங்கும் சென்ற பெட்டிகள் 1.5 கோடிக்கு மேல் என்று கூகுள் அறிவித்தது. 2021 மார்ச்சில் அந்நிறுவனம் தன் விற்பனையை நிறுத்திவிட்டது. ஆயினும் வடிவமைப்பு பொதுவில் இருப்பதால், அதைப் பின்பற்றிப் பிறர் செய்யும் பெட்டிகள் இன்றும் கிடைக்கின்றன. நான் வாங்கியதும் அத்தகைய ஒன்றே.

பெயர் புதிது; கருத்தோ மிகப் பழையது. மின்தடையை அளக்கும் சமனச் சுற்றின் வாயிலாக வீட்ஸ்டன் என்னும் பெயரை நீங்கள் அறிவீர்கள். அதே வீட்ஸ்டன் 1838இல், ஒரு பொருளை இடக்கண் காணும் வகையில் ஒரு படமும், வலக்கண் காணும் வகையில் மற்றொரு படமும் வரைந்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய கண்ணுக்கு மட்டும் காட்டினால், மூளை இரண்டையும் ஒன்றாக்கி ஆழமுள்ள காட்சியாகக் காண்கிறது என்று மெய்ப்பித்தார். அவர் பயன்படுத்தியவை இரண்டு கண்ணாடிகள். 1849இல் புரூஸ்டர் கண்ணாடிகளுக்குப் பதிலாக வில்லைகளை வைத்தார். 1861இல் அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வென்டெல் ஹோம்ஸ், கையில் பிடித்துப் பார்க்கும் எளிய மரக்கருவியைச் செய்தார். இவற்றுக்கு ஸ்டீரியோஸ்கோப் என்று பெயர். நம் அட்டைப் பெட்டி ஹோம்ஸ் கருவியின் பேரப்பிள்ளை. ஒளிப்படத் தாள் இருந்த இடத்தில் இப்போது கைப்பேசியின் திரை இருக்கிறது. தலை திரும்பும்போது காட்சியும் திரும்புகிறது. புதுமை இந்த இரண்டாவதில்தான் உள்ளது.

வில்லை செய்யும் வேலை

உங்கள் கைப்பேசியைக் கண்ணுக்கு 4 செ.மீ. தூரத்தில் பிடித்துப் பாருங்கள். எல்லாம் மங்கலாகவே தெரியும். சாதாரணக் கண்ணால் ஏறத்தாழ 25 செ.மீ.க்கு உட்பட்ட பொருளைத் தெளிவாகக் காண இயலாது. 45 மி.மீ. குவியத் தூரமுள்ள குவிவில்லை ஒன்றை இடையே வைத்து, திரையை அதன் குவியத்திலேயே நிறுத்தினால், திரையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி இணைகதிர்களாகக் கண்ணை அடைகிறது. காட்சி வெகு தொலைவில் இருப்பதாகக் கண் கொள்கிறது. பள்ளியில் நீங்கள் படித்த எளிய உருப்பெருக்கிதான் இது.

இப்போது சூத்திரத்தில் எண்களை இட்டுப் பாருங்கள். அட்டையை மடித்ததில் 3 மி.மீ. குறைந்து, திரை 42 மி.மீ. தூரத்தில் அமைந்துவிட்டது என்று கொள்வோம். மாய பிம்பம் முடிவிலியிலிருந்து 63 செ.மீ.க்கு வந்துவிடும்! 3 மி.மீ. பிழைக்கு எத்துணை விளைவு பாருங்கள். நான் வாங்கிய பெட்டியில் ஒரு மடிப்பு சரியாகப் பொருந்தாமல், இட வில்லை வல வில்லையைவிடச் சற்று உள்ளே தள்ளி நின்றது. பசை தடவி அதைச் சரிசெய்யும்வரை, பார்த்தவர்கள் அனைவரும் தலைவலி என்றார்கள்.

நிறைகள்

நிறைகளை முதலில் சொல்வதே முறை. சூரிய மண்டலத்தைக் காட்டும் செயலி ஒன்றை இட்டுக் கொடுத்தேன். பெட்டியைக் கண்ணில் வைத்த மாணவர் ஒவ்வொருவரும் ஒரு கையை நீட்டிச் சனிக் கோளின் வளையத்தைத் தொட முயன்றனர். கரும்பலகையில் நான் பத்து ஆண்டுகளாக வரைந்துவரும் சனிக்கு அந்தப் பேறு ஒருநாளும் கிட்டியதில்லை.

பெட்டியைத் தலையில் கட்டிக்கொள்ளப் பட்டை இல்லை. இது குறையாகத் தோன்றும்; உண்மையில் நன்மையே. கையால் பிடித்திருப்பதால் தலையை வேகமாகத் திருப்ப முடியாது. காட்சி பின்தங்கித் தொடர்வதும் அதனால் வரும் குமட்டலும் குறைகின்றன.

வில்லையின் பிறழ்ச்சியை ஈடுசெய்யும் முறையும் பாராட்டுக்குரியது. மலிவான ஒற்றை வில்லை படத்தின் மூலைகளை வெளிப்புறமாக இழுத்துக் காட்டும். எனவே செயலி, படத்தை முன்கூட்டியே பீப்பாய் போல மூலைகளில் சுருக்கித் திரையில் இடுகிறது. இரு கோணல்களும் சேர்ந்து நேராகிவிடுகின்றன.

குறைகள்

முதற்குறை, தெளிவின்மை. கைப்பேசித் திரையின் நீளவாட்டில் 1920 படப்புள்ளிகள் இருந்தால், ஒரு கண்ணுக்குக் கிடைப்பவை 960. திரை 5.5 அங்குலம் எனில், அதன் பாதியின் அகலம் 61 மி.மீ. 45 மி.மீ. குவியத் தூரமுள்ள வில்லையின் வழியே அது ஏறத்தாழ 68 பாகைக் கோணத்தில் விரிகிறது. ஆகவே ஒரு பாகைக்கு 14 புள்ளிகள். நலமான கண்ணோ ஒரு பாகையில் 60 புள்ளிகளைப் பிரித்தறிய வல்லது. காட்சியின் கூர்மை கண்ணின் திறமையில் கால் பங்குக்கும் குறைவு என்று ஆகிறது. கண் மருத்துவரின் எழுத்துப் பலகையில் 6/24 என்னும் வரிசையோடு நின்றுவிடுபவர் உலகைக் காண்பது போன்ற நிலை இது. புள்ளிகள் கொசுவலைபோலத் தெரிவதன் காரணம் இதுவே.

இரண்டாவது குறை, மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள் பற்றியது. ஒரு மாணவி, "சார், கண்ணாடி போட்டால் பெட்டி இடிக்கிறது, கழற்றினால் மங்கலாக இருக்கிறது" என்றார். அவர் சொன்னது சரியே. −3 டயாப்டர் கிட்டப்பார்வை உள்ளவருக்குத் தெளிவாகத் தெரியும் தொலைவு 33 செ.மீ. மட்டுமே. அவருக்குத் திரை ஏறத்தாழ 5 மி.மீ. முன்னே வந்தால் போதும், கண்ணாடியின்றியே தெளிவாகத் தெரியும். ஆனால் பெட்டியில் திரையை நகர்த்த வழியே இல்லை. ஹோம்ஸ் கருவியில் படம் தாங்கிய சட்டத்தை ஒரு மரக்கோலின்மீது முன்னும் பின்னும் தள்ளிக்கொள்ளலாம். 1861இல் இருந்த வசதி 2014இல் விடுபட்டுப் போயிற்று.

மூன்றாவது குறை, காட்சி தலையின் சுழற்சிக்கு மட்டுமே கட்டுப்படுகிறது. தலையை இடம் வலமாகத் திருப்பலாம். மேலும் கீழும் நோக்கலாம். ஆனால் குனிந்து அருகே சென்று பார்த்தால் பொருள் அருகே வருவதில்லை. உலகமே நம்மோடு சேர்ந்து நகர்கிறது. மேலும், கண்கள் அருகிலுள்ள பொருளை நோக்கி உட்புறம் திரும்புகின்றன. கண்ணின் வில்லையோ எப்போதும் ஒரே தொலைவுக்குக் குவிந்து நிற்கிறது. இயல்பில் சேர்ந்தே நடக்கும் இவ்விரு செயல்களும் இங்கே பிரிந்துவிடுவதால் கண் களைக்கிறது. உட்கார்ந்து, ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் பார்த்தால் போதும்.

மலிவு யாருக்கு?

இவற்றை எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நான் பொறுக்க இயலாத குறை ஒன்று உண்டு. அது வகுப்பில்தான் தெரியவந்தது.

பெட்டியை மாணவர்கள் தத்தம் கைப்பேசியை இட்டுப் பார்க்கும்படி சுற்றுக்கு விட்டேன். சிலர் வியந்து கூவினர். வேறு சிலர் ஓசையின்றி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டனர். பின்வரிசையில் இருந்த ஒருவர் வகுப்பு முடிந்தபின் வந்து, "சார், நான் எப்படித் திரும்பினாலும் படம் திரும்பவில்லை. நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ?" என்று கேட்டார்.

பிழை அவருடையதன்று, அவரது கைப்பேசியில் ஓர் உறுப்பு இல்லை. தலை திரும்புவதை உணர்வதற்குக் கைரோஸ்கோப் என்னும் சுழல் உணரி வேண்டும். அதனுள் மிகச் சிறிய சிலிக்கன் துண்டு ஒன்று இடைவிடாது அதிர்ந்துகொண்டிருக்கும். கருவி சுழன்றால் அத்துண்டு கோரியோலிஸ் விசையால் பக்கவாட்டில் தள்ளப்படும். அந்தத் தள்ளலை அளந்து சுழற்சியின் வேகத்தை அறிகிறார்கள். விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றில் இந்த உணரியைச் சேர்ப்பதில்லை. முடுக்கமானி மட்டும் இருக்கும். முடுக்கமானி புவியீர்ப்பின் திசையை அறியும். எனவே மேலும் கீழும் நோக்குவதை உணரும். நிலைக்குத்து அச்சைச் சுற்றி இடம் வலமாகத் திரும்பும்போதோ, ஈர்ப்பின் திசை மாறுவதே இல்லை. அதை உணர முடுக்கமானியால் எவ்வாறு இயலும்? காந்தமானியின் துணையோடு சமாளிக்கலாம் என்றால், ஆய்வகத்து இரும்பு மேசையருகே காட்சி தள்ளாடுகிறது. முதல் வடிவத்துப் பெட்டிகளில் பொத்தானுக்குப் பதிலாக வைத்திருந்த காந்த வளையமும் இதே தொல்லையைத் தரக்கூடியது.

என் வகுப்பில் இருந்த கைப்பேசிகளில் பாதிக்கு மேல் இந்த உணரி இல்லாதவை. ஆக, 150 ரூபாய் என்பது பெட்டியின் விலை, காட்சியின் விலையன்று. அதற்குரிய பல்லாயிரம் ரூபாயை ஏற்கனவே செலவழித்தவருக்குத்தான் இது மலிவு. மற்றவருக்கு இது வெறும் அட்டை. அதைவிட மோசம், தம் பார்வையில்தான் குறை என்று அவர் எண்ணிக்கொள்வது. பெட்டியின்மேல் "சுழல் உணரி உள்ள கைப்பேசிக்கு மட்டும்" என்று ஒரு வரி அச்சிட என்ன செலவாகிவிடும்? நான் வாங்கிய பெட்டியில் அவ்வரி இல்லை.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். பள்ளிகளுக்கென்று கூகுள் நடத்திய 'எக்ஸ்பெடிஷன்ஸ்' என்னும் செயலி 2021 ஜூனுடன் நிறுத்தப்பட்டது. பெட்டி அலமாரியில் இருக்கிறது. அதில் பார்த்த பயணங்கள் போய்விட்டன. பிறர் கையில் உள்ள சாவியை நம்பிப் பாடத்திட்டம் வகுக்கலாகாது.

கைப்பேசி இல்லாமலே

அப்படியானால் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடுவதா? கூடாது. வீட்ஸ்டனை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அவர் 1838இல் காட்டியவை வெறும் கோட்டுப் படங்கள். ஒளிப்படக் கலை அப்போது உலகுக்கு அறிமுகமாகவில்லை. கோடுகளே போதும் என்றால் கைப்பேசி எதற்கு?

மறுநாள் வகுப்பில் செய்ததைச் சொல்கிறேன், நீங்களும் செய்யுங்கள். பெட்டியின் பின்மூடியைத் திறந்து, கைப்பேசி இருக்கவேண்டிய இடத்தில் மெல்லிய வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். வில்லை மையங்களின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 60 மி.மீ. எனக் கொள்வோம். அதே இடைவெளியில் இரண்டு புள்ளிகளை மையங்களாகக் கொண்டு, 15 மி.மீ. ஆரமுள்ள இரண்டு வட்டங்கள் வரையுங்கள். அவற்றினுள் 7 மி.மீ. ஆரமுள்ள இரண்டு சிறு வட்டங்களை வரையுங்கள். இவற்றின் மையங்களுக்கு இடையே 57 மி.மீ. மட்டும் இருக்கட்டும். தாளைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்.

இரண்டு ஜோடிகளும் ஒன்றாகும். பெரிய வட்டம் வெகு தொலைவில் நிற்கும். சிறிய வட்டம் உங்களை நோக்கி முன்னே வந்து மிதக்கும். எவ்வளவு தூரத்தில்? கண்களின் இடைவெளியைக் குவியத் தூரத்தால் பெருக்கி, குறைத்த அளவால் வகுங்கள்: 60 × 45 ÷ 3 = 900 மி.மீ. ஏறத்தாழ ஒரு கை நீளத்துக்குச் சற்று அப்பால். இனி மாற்றி வரையுங்கள். பெரிய வட்டங்களுக்கு 57, சிறியவற்றுக்கு 60. இப்போது வாளிக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் நடுப்பகுதி உள்ளே போய்விடும். இடைவெளியை 60க்கு மேல் கூட்டாதீர்கள். கண்கள் வெளிப்புறம் விலகவேண்டி வரும், வலிக்கும்.

படம் திரும்பவில்லை என்று வந்த அந்த மாணவர் இம்முறை பெட்டியை நெடுநேரம் திருப்பித் தரவில்லை. பின்னர் கூட்டல் குறியளவில் ஒரு கோபுரத்தை ஐந்து அடுக்குகளாக, ஒவ்வோர் அடுக்குக்கும் அரை மி.மீ. குறைத்து, தாமே வரைந்து வந்தார். வகுப்பில் எல்லாரும் பார்த்தோம். ஐந்து அடுக்கும் ஒன்றன்முன் ஒன்றாக நின்றன.

ஆகவே என் பரிந்துரை இது. பொழுதுபோக்குக்காக வாங்குவதாயின், உங்கள் கைப்பேசியில் சுழல் உணரி உண்டா என்று முதலில் பாருங்கள், இல்லையேல் வாங்காதீர்கள். கற்பதற்காக வாங்குவதாயின், தயங்காமல் வாங்குங்கள். இரண்டு வில்லைகளும் பழைய அட்டையும் கிடைத்தால் அதுவும் வேண்டாம், நீங்களே செய்துகொள்ளுங்கள். அளவுகோலும் கவராயமும் பென்சிலும் உங்களிடம் ஏற்கனவே இருக்கின்றன.