கேள்விக்குறி போட்டால் போதும்

தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்க உதவும் ஸ்பார்க்கிள் மொழியில் தெரியாததன் முன்னால் கேள்விக்குறி போட வேண்டும்: ?நொதி, ?வினை. (பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், அதன் இலக்கணம் தடுக்காது.) எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என மும்மூன்றாக எழுதிக்கொண்டே போகலாம்.

எடுத்துக்காட்டாக, ஒரு நொதி எந்த வேதிவினையை நடத்துகிறது? நொதி யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் இருக்கிறது. வினையின் முழு விவரம் ரியா என்ற வேறொரு தரவுத்தளத்தில். 2013இல் வந்த ஸ்பார்க்கிள் 1.1 பதிப்பின் ‘சர்வீஸ்’ என்ற ஒற்றைச் சொல், கேள்வியில் பாதியை அங்கே அனுப்பி, பதிலை வாங்கிவந்து பொருத்திவிடுகிறது. கோப்புகளை இறக்கி ஒட்டவைக்கும் வேலை மிச்சம்.

ஒரு வினைக்கு இரு தளங்களும் ஒரே இணைய முகவரியைச் சொல்வதால்தான் இதெல்லாம் நடக்கிறது. என் பாராட்டு, மொழியைவிட, அந்த முகவரிகளைப் பொறுமையாகப் பதித்த தொகுப்பாளர்களுக்கே. ஒரே ஒரு குறை, கேள்வியை அகலமாகக் கேட்டால் நேரம் கடந்துவிட்டதென்று தளம் கைவிரித்துவிடும்.